பரங்கிமலையை முதலில் முடியுங்கள்: சென்னை தேவாலயச் சைக்கிள் சுற்று எப்படி இருக்கிறது?

மெரினா காந்தி சிலையில் கிளம்பி சாந்தோம், லஸ், அடையாறு, கிண்டி வழியாகப் பரங்கிமலை. அங்கிருந்து சின்னமலை, அண்ணா சாலை, கதீட்ரல் சாலை, எழும்பூர், ஆர்மீனியன் தெரு, கோட்டை பார்த்துவிட்டு மறுபடி மெரினா. மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர், ஒன்பது தேவாலயங்கள். ஓட்டுவதற்கு இரண்டரை மணி நேரம், நின்று பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வேகம் பார்க்க ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருக்கிறது. இது அதற்கான பாதை அல்ல. பிரான்சின் கிராமப்புறத்தில் வயல்களுக்கு மேலே தூரத்துக் கோபுரம் தெரியும், அதைக் குறிவைத்து ஓட்டலாம். இங்கே மெட்ரோ தூண்களுக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் நடுவில் கோபுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடிப் பிடித்தால், ஐந்நூறு வருடச் சென்னை ஒரே காலையில் கிடைக்கிறது.

பலர் இதைத் தலைகீழாக ஓட்டுகிறார்கள். கோட்டையில் தொடங்கிப் பரங்கிமலையில் முடிக்கிறார்கள். அது தப்பு. கிளம்புகிற காலை ஐந்தரைக்குக் கோட்டைக்குள்ளும் போக முடியாது, ஆர்மீனியன் கோயில் கதவும் திறந்திருக்காது. இரண்டையும் வெளியே நின்று பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு மலை ஏற வேண்டியிருக்கும். தெற்கே முதலில் போனால் மலை விடியலில் முடிந்துவிடும். ஞாயிறு காலை ஜார்ஜ் டவுனில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பாலத்தில் சொல்கிறேன்.

சாந்தோம் பேராலயம் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இப்போது நிற்கிற கட்டடம் 1896-இல் முடிந்தது; 155 அடிக் கோபுரம். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இருக்கும் இடம் என்பதால் அந்த நேரத்திலேயே செபிக்க வந்தவர்கள் இருப்பார்கள். க்ளீட் ஷூவின் (பெடலில் மாட்டும் கட்டை அடியில் இருக்கும் ஷூ) டக் டக் சத்தத்தோடு உள்ளே போகாதீர்கள். 1672 முதல் 1674 வரை சாந்தோம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது என்பதை இந்தத் தெருவில் நிற்கும்போது நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கும்.

லஸ் கோயிலுக்குக் கச்சேரி சாலை வழியாகப் போவதுதான் நேர்வழி. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருந்தால் மாட வீதிகள் பக்கமாகச் சுற்றிவிடுங்கள். தடுப்போரம் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் பனி ஈரத்திலேயே வழுக்கும். அவற்றின் மேல் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும். லஸ் கோயிலில் பொறித்திருக்கும் ஆண்டு 1516. அன்றைக்குச் சுற்றிலும் காடு. அதனால்தான் ஊர்க்காரர்கள் இன்றும் காட்டுக் கோயில் என்கிறார்கள். சின்னக் கோயில், பத்து நிமிடம் போதும். மயிலாப்பூர்ச் சத்தத்துக்கு நடுவில் இப்படி ஓர் அமைதி இருப்பதே ஆச்சரியம்.

மந்தைவெளி, திரு.வி.க. பாலம், அடையாறு, சர்தார் படேல் சாலை. இந்தப் பகுதியில் மிதிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கிண்டி தாண்டிக் கத்திப்பாரா வந்ததும்தான் கவனம் தேவை. மேம்பாலத்தில் ஏறாமல் தரைவழியே நேராகப் போக வேண்டும். இடது ஓரத்தை ஒட்டிப் போனால், வளைவுகளிலிருந்து இறங்கும் வண்டிகளும் ஏறத் திரும்பும் வண்டிகளும் உங்களைக் குறுக்கே வெட்டும். திரும்பும் வழி வருவதற்கு முன்பே பின்னால் பார்த்துக் கை காட்டி, இடது தடத்தின் நடுவுக்கு வந்துவிடுங்கள். பின் விளக்கு கட்டாயம். புதிதாக ஓட்டுகிறவர்கள் கூட்டத்தோடு இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இல்லை.

பரங்கிமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி. மேலே போகத் தார்ச்சாலை இருக்கிறது. ஏற்றம் குட்டைதான், ஆனால் செங்குத்து. கியரில் முன் பல்சக்கரத்துக்கு 34, பின் பல்சக்கரத்துக்கு 28 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். கியர் இல்லாத சைக்கிள் என்றால் தள்ள வேண்டியதுதான். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். மேலே இருக்கும் கோயில் 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டியது. பலிபீடத்தில் இருக்கும் கற்சிலுவை 1547-இல் தோண்டும்போது கிடைத்தது; அதில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். வெளியே வந்து நின்றால் விமான ஓடுபாதை காலடியில் தெரியும். இந்தியாவை அளக்க 1802-இல் வில்லியம் லாம்ப்டன் போட்ட முதல் அடிக்கோட்டின், அதாவது அளவை தொடங்கும் கோட்டின், ஒரு முனையும் இந்த மலைப் பக்கம்தான். இந்தச் சுற்றில் அரை மணி நேரம் செலவழிக்கத் தகுந்த முதல் இடம் இது.

இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடாகும்.

மலையின் 130-க்கும் மேற்பட்ட படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலையிலிருந்து அண்ணா சாலையில் திரும்பி வந்தால், 1551-ஆம் ஆண்டுக் கோயிலும் குகையும் இருக்கிற சின்னமலையைத் தாண்டியதும் அடையாற்றுப் பாலம் வரும். இன்று அது மறைமலை அடிகள் பாலம். அந்த இடத்தில் 1726-இல் பாலம் கட்டியவரும் அதே உஸ்கான்தான். ஊரிலிருந்து மலைக்குப் போகும் பக்தர்கள் ஆற்றில் இறங்காமல் கடக்க வேண்டும் என்பதற்காகத் தன் பணத்தில் கட்டினார். படி, பாலம், கடைசியில் ஆர்மீனியன் தெரு என்ற வரிசையில் ஓட்டினால் அவர் போட்ட வழியிலேயே ஊருக்குள் வருகிறோம். தெற்கிலிருந்து ஓட்டச் சொன்னதற்கு இதுதான் இன்னொரு காரணம்.

சைதாப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை வரை மேம்பால வேலையால் தடம் குறுகும், ஜல்லி சிதறிக் கிடக்கும். பஞ்சர் பெரும்பாலும் இங்கேதான். ஆணியைவிட அதிகம் குத்துவது தேய்ந்த லாரி டயரிலிருந்து உதிரும் மயிரளவு கம்பி. டியூபை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டயரில் எழுதியிருக்கும் பெயரை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டியிருந்தால், டியூபில் ஓட்டை இருக்கும் தூரத்தை அளந்து டயரில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை ஓட்டுங்கள், கம்பி இருந்தால் பஞ்சு மாட்டும். 28 மி.மீ. டயர், ஓட்டுபவர் எழுபது கிலோ என்றால் காற்றழுத்தம் சுமார் 70 பிஎஸ்ஐ. இந்தச் சாலைகளுக்கு அதற்கு மேல் வேண்டாம். இரண்டு டியூப், இரண்டு லீவர், ஒரு கைப்பம்பு. இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயம் 1815-ஆம் ஆண்டுக் கட்டடம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது இங்கேதான். மரநிழல் நிறைய, தண்ணீர் குடிக்க நல்ல இடம். ஆராதனை நடந்தால் தொந்தரவு செய்யாமல் நகர்ந்துவிடலாம்.

எழும்பூர் கிர்க்கைத்தான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். கிர்க் என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் தேவாலயம். புனித அந்திரேயா ஆலயம் என்பது முழுப் பெயர். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகத் தாமஸ் டி ஹேவிலாண்ட் கட்டி 1821-இல் திறந்தது. அந்த இடத்து மண் இளகல், சாதாரண அஸ்திவாரம் நிற்காது. அதனால் நம் ஊர்க் கிணறு இறக்குகிற முறையிலேயே வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தினார். உள்ளே போனால் வட்டமான கூடம், சுற்றிலும் 16 தூண்கள், மேலே நீலக் குவிமாடம். தூண்களில் சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல் என்றே தோன்றும். ஞாயிறு காலை ஆராதனை நேரம். உள்ளே நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாளில் தனியாக வருவதுதான் சரி. இந்தச் சுற்றின் ஒரே உண்மையான குறை இது.

சென்ட்ரல் தாண்டிப் பாரிமுனை. ஆர்மீனியன் தெருவில் இரண்டு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில். மரியன்னை இணைப் பேராலயத்தின் வேர், 1642-இல் சென்னைக்கு வந்த கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி எப்ரேம் தெ நெவேர் தொடங்கிய பணி. அடுத்தது 1772-இல் எழுந்த ஆர்மீனியன் கோயில். முற்றத்தில் பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்து. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-இல் இந்த ஊரில் நடத்திய ஷமாவோனியன் புதைக்கப்பட்டதும் இங்கேதான். சைக்கிளைக் கற்களின் மேல் உருட்டாதீர்கள்.

கோட்டைக்குள் போக அடையாள அட்டை வேண்டும், பையைச் சோதிப்பார்கள். சைக்கிளை வெளியே பூட்ட வேண்டியிருக்கலாம். அதனால் ஃப்ரேமையும் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீளத்தில் பூட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். உள்ளே புனித மரியாள் ஆலயம், 1680 அக்டோபர் 28-இல் அர்ச்சிக்கப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைத்துக் கட்டிய கூரை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையைத் தாங்கி நின்ற கட்டடம்.

ஷார்ட்ஸ் மேலே போட ஒரு மெல்லிய கால்சட்டை, இரண்டு பாட்டில் தண்ணீர், அட்டை, பூட்டு. ஷூ, க்ளீட் கட்டை அடிப்பகுதிக்குள் பதிந்திருக்கும் எஸ்பிடி வகையாக இருந்தால் நடக்க வசதி. ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். நவம்பர் மழையில் வேண்டவே வேண்டாம், தேங்கிய நீருக்கு அடியில் எந்தப் பள்ளம் என்று தெரியாது. கோட்டையிலிருந்து நேப்பியர் பாலம் கடந்தால் மெரினா. வலதுபக்கம் பல்கலைக்கழகம், இடதுபக்கம் கடல், காந்தி சிலை வரை சமதளம்.