பழைய டீசல் க்ரூஸர் படகு: எஞ்சினைப் பார்க்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக்கில், ப்ராட்ஸ் என்று ஒரு நீர்வழிப் பின்னல் இருக்கிறது. இடைக்காலத்தில் அடுப்பெரிக்கப் பீட் என்ற மக்கிய தாவர மண்ணை வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் ஏறி ஏரிகளாகிவிட்டன. ஆறுகளையும் சேர்த்தால் சுமார் 200 கிலோமீட்டர் படகு ஓட்டலாம். வாரக் கணக்கில் வாடகைக்கு ஓடி ஓய்ந்த பழைய க்ரூஸர்கள் இங்கே விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் ஆளுக்கொன்று வாங்குவது என்று முடிவு செய்து, பிரண்டால் பக்கம் மூன்று சனிக்கிழமை சுற்றினோம்.

கடைசியில் இரண்டு படகுகள் நின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று 1970களின் படகு, உள்ளே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1.5 எஞ்சின். இன்னொன்று 1990களின் படகு, நானி எஞ்சின், அதாவது ஜப்பானியக் குபோட்டா எஞ்சினின் அடிக்கட்டையை எடுத்துப் படகுக்கு ஏற்றபடி மாற்றியது. (மூன்றாவதாக ஒன்றும் பார்த்தோம். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்க் குளம். டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டோம்.)

பி.எம்.சி. 1.5 என்றதும் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆனால் 1489 சிசி, நான்கு சிலிண்டர் என்று சொன்னால் ஊரில் டாக்ஸி ஓட்டியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நம் அம்பாசிடர் டீசலில் ஓடியது இதே வம்சம்தான். என் மாமா அதில் இருபது வருஷம் ஓட்டியவர். படத்தை அனுப்பியதும் போனில், "டேய், இது நம்ம வண்டிடா, இதுக்கு என்னைக்கும் ஒரே வியாதிதான், ஏர் பிடிக்கும்" என்றார். டீசல் குழாய்க்குள் காற்று புகுந்து எஞ்சின் நின்றுவிடும் என்று அர்த்தம். அந்த ஒரு வரியை அப்போது சிரித்துவிட்டு விட்டேன்.

காகிதத்தில் பார்த்தால் நானிதான் ஜெயிக்க வேண்டும். சத்தம் குறைவு, குளிரில் சட்டென்று பிடிக்கும், வயசும் இருபது குறைவு. சக்தி என்று பார்த்தால் இரண்டுமே போதும். இங்கே வேகக் கட்டுப்பாடு பெரும்பாலும் மணிக்கு 3 முதல் 6 மைல்தான், குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படியும் நான் பழசை எடுத்தேன். காரணம் ஒன்றுதான்: நடுத்தளப் பலகையைத் தூக்கினால் டீசல் ஃபில்டர் கண்ணெதிரே இருந்தது, இரண்டு கையும் தாராளமாக உள்ளே நுழைந்தன. நானிப் படகில் முன்னாள் உரிமையாளர் ஒருவர் ஃபில்டரை வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் திருகி வைத்திருந்தார். குப்புறப் படுத்து, ஒரு கையை மட்டும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும். நண்பர், "அதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதானே" என்று அதை வாங்கினார்.

முதல் கோடையிலேயே இரண்டு பேருக்கும் ஃபில்டர் அடைத்தது. அதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டையே எழுதுகிறேன்.

எனக்கு அடைத்த இடம் ப்ரேடன் வாட்டர். கிரேட் யார்மவுத்தை ஒட்டிய கழிமுகம், அலையேற்றம் உண்டு. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப் பக்கமுமாக இருந்தால் படகு குலுங்கும், டேங்க் அடியில் வருஷக்கணக்கில் தூங்கிய சகதி எல்லாம் கலங்கும். அதனால்தான் பழைய படகுகள் அமைதியான ஆற்றில் நாள் முழுக்க ஓடிவிட்டு, நிற்கக் கூடாத இடத்தில் போய் நிற்கின்றன. நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினேன். என்னுடையது சி.ஏ.வி. 296 வகை: மேலே தலை, நடுவில் காகித எலிமென்ட் (டீசலை வடிகட்டும் பகுதி), கீழே கிண்ணம், மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது உச்சியில் ஒரே போல்ட். ஊரில் டிராக்டரில் பார்த்திருப்பீர்கள், அதேதான். கழற்றினால் எலிமென்ட் மேல் கரும்பழுப்பாக வழவழவென்று ஒரு படலம். டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டம் அது.

புதியதை மாட்டினேன், எஞ்சின் பிடிக்கவில்லை. மாமாவுக்குப் போன். "ஏர் எடுத்தியா?" எடுத்தேன் மாமா. "பழைய ரப்பர் வளையத்தை எடுத்தியா?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தலைக்குள் உள்ள பள்ளத்தில் பழைய வளையம் கறுப்பாக ஒட்டிக்கொண்டே இருந்தது, அதன் மேல் புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் சேர்ந்தால் எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி, அது வழியாகக் காற்று. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன்.

அப்புறம் காற்று எடுக்கும் வரிசை, அதுதான் இந்த எஞ்சினின் நிஜமான விலை. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடிக்க வேண்டும். நுரை போய்ச் சுத்த டீசல் வந்ததும் இறுக்கு. பிறகு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில் இரண்டு ஸ்க்ரூ, அதே கதை. கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நெம்புகோல் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். எஞ்சின் நின்ற நிலையில் கேம் (எஞ்சினோடு சுழலும் மேடு) பம்பை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும், எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

நண்பருக்கு அடைத்தது கட்டுத்துறையிலேயே. ஸ்பின்-ஆன் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் மாதிரி மொத்தமாகத் திருகிக் கழற்றுவது. நல்ல இடத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. டீசல் சட்டைக் கைக்குள் இறங்கி அக்குள் வரை வந்துவிட்டது. வாசனை போக இரண்டு நாள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பினார், மின் பம்பு அரை நிமிடம் டிக் டிக் என்றது, எஞ்சின் பிடித்துவிட்டது. ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பொறாமைதான்.

அடுத்த மாதமே அவர் ஃபில்டரை இடம் மாற்றினார். இரண்டு மீட்டர் புதுக் குழாய், அதுவும் ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்ட தீ தாங்கும் குழாய். இங்கே படகுப் பாதுகாப்புச் சான்றிதழை 4 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், எஞ்சின் அறைக்குள் இருக்கும் குழாயும் ஃபில்டரும் நெருப்புக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். காரிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் ஃபில்டரை மாட்டிவிட்டு ஆய்வாளரிடம் வாதாட முடியாது.

புது இடத்தில் அவர் போட்டது ராகோர் 500. சி.ஏ.வி., ஸ்பின்-ஆன், ராகோர் என்ற மூன்று வகையில் எது என்று கேட்டால், டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் முதல் ஃபில்டருக்கு எனக்குப் பிடித்தது இதுதான். மேல் மூடியைத் திருகி, எலிமென்ட்டை வெளியே இழுத்து, புதியதை இறக்கி, விளிம்பு வரை டீசல் ஊற்றி மூடினால் முடிந்தது, காற்று ஏறுவதே குறைவு. கீழே தெளிவான கிண்ணம், தண்ணீர் இறங்கியிருந்தால் டார்ச் அடித்ததும் தெரியும். அதற்குக் கீழே உலோகக் கவசம் உள்ள படகு வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். குறை என்றால் விலை, அப்புறம் மூடி வளையம். பம்பு டீசலை உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் அந்த வளையம் காய்ந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. டேங்க் உயரத்தில் இருந்தால் முதலில் டேங்க் வால்வை மூடுங்கள், இல்லையென்றால் மூடியைத் திறந்ததும் நீரூற்று.

எலிமென்ட் 2, 10, 30 மைக்ரான் என்று மூன்று அளவில் கிடைக்கும், எண் சிறிதானால் சல்லடை நுண்ணியது. எல்லாரும் 2 நல்லது என்று நினைப்பார்கள். முதல் ஃபில்டரில் 2 போட்டால் சகதி முழுக்க அங்கேயே சேர்ந்து வாரத்தில் மூச்சு முட்டும். பழைய டேங்குக்கு 30, கொஞ்சம் சுத்தமானதும் 10. நுண்ணிய வேலையை எஞ்சின் மேல் இருக்கும் ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

சி.ஏ.வி. வகையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எலிமென்ட் சில பவுண்டுதான், எங்கேயும் கிடைக்கும். ஆனால் என் எஞ்சினின் சுழல் வகை இன்ஜெக்ஷன் பம்புக்கு மசகே டீசல்தான், தண்ணீர் போனால் பம்பே போய்விடும். அதனால் அதற்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் உள்ள தண்ணீர் பிரிப்பான் ஒன்றைச் சேர்த்தேன். ஸ்பின்-ஆனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கை போகும் இடத்தில் இருந்தால் சரி.

வாங்கப் போகும்போது ஒரு விஷயம். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். சும்மா ஓடும்போது டீசல் கொஞ்சம்தான் போகும், பாதி அடைத்த ஃபில்டரும் தாக்குப்பிடிக்கும். ஆற்றில் இருபது நிமிடம் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். "ஃபில்டர் புதுசு" என்று பெருமையாகச் சொன்னால் பழையது எங்கே என்று கேளுங்கள். எனக்கு விற்றவரும் புதுசு என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. டெக்கில் டீசல் ஊற்றும் மூடியின் வளையத்தையும் பார்க்க வேண்டும், என் டேங்குக்குள் மழைத் தண்ணீர் இறங்கியது அது வழியாகத்தான்.

இப்போது திரும்ப வாங்கச் சொன்னால்? நானிதான். ஃபில்டரை ஒரு சனிக்கிழமையில் இடம் மாற்றிவிடலாம், என் எஞ்சினுக்குக் காற்று தானாக வெளியேற யாரும் கற்றுத்தர முடியாது. மாமாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.