ட்ரேட்மார்க் எடுத்துக் குடுக்குற ஆன்லைன் சர்வீஸ்: பொடி விக்கிறவளோட ரிவ்யூ (5க்கு 2.5)

கம்பெனி பேரு போட்டு சண்டை இழுக்க எனக்கு விருப்பமில்லைங்க. போன்ல ஸ்க்ரோல் பண்ணுறப்ப "உங்க பிராண்டை இன்னைக்கே பதிவு பண்ணுங்க"ன்னு விளம்பரம் வருமே, அதுல ஒன்னு. ட்ரேட்மார்க்னா நம்ம பேரையும் லோகோவையும் அடுத்தவங்க போட்டு விக்காம இருக்கப் பண்ணுற பதிவு. ரெண்டு வருஷமா அவங்களோட மல்லுக்கட்டுனதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், என்னை மாதிரி வீட்டுல இருந்து பொடி, ஊறுகா, சோப்புன்னு போடுறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிச்சுக்கட்டும்.

நான் ஈரோட்டுப் பக்கம். 2018ல இருந்து அப்பத்தா பேர்ல இட்லி பொடி, பருப்பு பொடி, மஞ்சத்தூள், சீசனுக்கு மாங்கா ஊறுகா. 2023ல பக்கத்து ஊரு மளிகைக் கடையில போய் நின்னா என் பேரு, என் பச்சை கவரு, உள்ள யாரோட பொடியோ! கடைக்காரரு "ஏனுங்க்கா, இது உங்களுது இல்லையா"ங்கிறாரு. அன்னைக்கு நைட்டே இவங்களுக்கு மெசேஜ் போட்டேன்.

முதல்ல நல்லதச் சொல்லிடறேன். ஆதார், பில்லு, லோகோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புனதோட சரி, மூணாம் நாளு அப்ளிகேஷன் நம்பர் வந்துருச்சு, பேசுன பொண்ணும் மரியாதையாத்தான் பேசுச்சு. அதுக்குத்தான் அந்த 2.5.

இனி மத்தது. கவர்மெண்ட் ஃபீஸே 9,000ன்னு கொட்டேஷன் வந்துச்சு. தனி ஆளுக்கும் சின்ன தொழிலுக்கும் ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு 4,500 தான், 9,000 பெரிய கம்பெனிக்கு. நான் கேட்டதுக்கு அப்புறம் "ஓ, நீங்க ப்ரொப்ரைட்டரா மேடம்"னு குறைச்சாங்க, கேக்கலைன்னா போயிருக்கும். கிளாஸுன்னா என்னன்னா, உலகத்துல விக்கிற சாமான், சேவை அத்தனையும் 45 வகுப்பா பிரிச்சு வெச்சிருக்காங்க, பொடி மசாலா மஞ்சத்தூள் எல்லாம் 30ல வருது, ஊறுகா 29. இவங்க 30ல மட்டும் போட்டுட்டு "எல்லாம் கவர் ஆயிடும் மேடம்"னுட்டாங்க. ஆகல, என் ஊறுகா இன்னும் வெளிய தான் நிக்குது.

அப்புறம் அந்த பேட்டண்ட் கதை, அதாவது புது கண்டுபிடிப்புக்கு கவர்மெண்ட் குடுக்குற தனி உரிமை. ஒரு நாள் சீனியர் எக்ஸிகியூட்டிவ்னு ஒருத்தரு கூப்பிட்டு "மேடம், உங்க இட்லி பொடி ரெசிபிக்கு பேட்டண்ட் எடுத்துரலாம், 35,000 பேக்கேஜ், 20 வருஷத்துக்கு ஒருத்தன் தொட முடியாது"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆசையாயிருச்சு, பொய் சொல்லல. நல்லவேளை சட்டம் படிக்கிற எங்க அத்தை பையன் அப்ப வீட்டுல இருந்தான். "அக்கா, உளுந்தையும் மிளகாயையும் வறுத்து அரைக்கிறது புது கண்டுபிடிப்பா? பாரம்பரியமா தெரிஞ்ச விஷயத்துக்கும் சும்மா நாலு சாமானக் கலக்குறதுக்கும் பேட்டண்ட் கிடையாதுன்னு சட்டத்துலயே மூணாவது பிரிவுல போட்டிருக்கு"ன்னான். அவன் அடுத்து சொன்னது தான் என்னை உக்கார வெச்சுது. பேட்டண்ட் கேக்கணும்னா செய்முறைய முழுசா எழுதிக் குடுக்கணுமாம், அது ஊருக்கே பப்ளிஷ் ஆகுமாம், 20 வருஷம் முடிஞ்சா யாரு வேணா செஞ்சு விக்கலாமாம். நான் பெருங்காயத்த எந்த நேரத்துல போடுறேன்னு வேலைக்கு வர்ற அக்காங்களுக்கே காட்டுறதில்ல, கடைசி வறுவல் நானே தான், இத போய் எழுதிக் குடுக்குறதா! ரகசியமா வெச்சுக்கிறதுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல, வெளிய சொல்லக்கூடாதுன்னு வேலைக்காரங்ககிட்ட ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கலாம், அவ்வளவுதான்.

பாரம்பரியமா தெரிஞ்சதுக்கு பேட்டண்ட் கிடையாதுன்னு அவன் சொன்னதுக்கு மஞ்சள் கதையே சாட்சி: மஞ்சள் காயத்த ஆத்தும்னு 1995ல அமெரிக்காவுல பேட்டண்ட் குடுத்தே விட்டாங்க. நம்ம கவர்மெண்ட் ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் பழைய புத்தகத்தை எல்லாம் ஆதாரமா காட்டி சண்டை போட்டு 1997ல அத ரத்து பண்ண வெச்சாங்க. எங்க ஊருல மஞ்சள அரைச்சுப் பூசாத புண்ணு ஏதுங்க.

ஈரோடு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய சரக்குங்கிற அடையாளம், கிடைச்சுது, அது தனி ஆளோட சொத்தில்ல, ஊரோடது. கவர்ல அந்தக் குறியீட்டப் போடணும்னா அங்கீகரிச்ச பயனாளரா பதிவு பண்ணணும், ஆபீஸ் சென்னை கிண்டியில தான் இருக்கு. எனக்கு உண்மையிலேயே உபயோகமா இருந்திருக்கும். இத மட்டும் இவங்க வாயே தொறக்கல, இதுக்கு பேக்கேஜ் இல்ல போல.

லோகோவுக்கு காப்பிரைட் (வரைஞ்சத அடுத்தவங்க காப்பி அடிக்காம இருக்குற உரிமை) பதிவு "கட்டாயம்"னாங்க. கட்டாயமில்ல. வரைஞ்ச அன்னைக்கே காப்பிரைட் வந்துருது, வரைஞ்சவங்க ஆயுசுக்கும் அதுக்கு மேல 60 வருஷமும் இருக்கும், பதிவுங்கிறது சாட்சிக்குத்தான். ஆனா அது லோகோ வரைஞ்சு குடுத்த பொண்ணோட உரிமையாச்சே, அத எனக்கு எழுதிக் குடுத்துருன்னு வாங்கிக்கணும்னு ஒருத்தரும் சொல்லல, அத்தை பையன் சொல்லித்தான் வாங்குனேன். டிசைன் பதிவுன்னு இன்னொன்னு, பாட்டில் வடிவம் மாதிரி தோற்றத்துக்கு, 10 வருஷம் பிளஸ் 5. நான் வாங்குறது சந்தையில விக்கிற டப்பா, எனக்கெதுக்கு.

பெரிய கோவம் இனிமேதான். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா கவர்மெண்ட் சைட்ல நம்பரப் போட்டு பாத்தா "அப்ஜெக்டட்"னு இருக்கு, ஆட்சேபணை போட்டிருக்காங்க. நோட்டீஸ் வந்து மூணு வாரமாச்சு, போனது அவங்க மெயிலுக்கு, எனக்கு யாரும் சொல்லல. ஒரு மாசத்துல பதில் போடலைன்னா கைவிட்டதா எழுதிடுவாங்க, கையில இருந்தது 9 நாளு! காரணம் என்னன்னா அப்பத்தா பேரு மாதிரியே காதுல விழுற பேரு ரெண்டு ஏற்கனவே 30ல இருக்கு. "சர்ச் பண்ணிட்டோம், க்ளியர்"னு சொன்னவங்க எழுத்துக்கு எழுத்து மட்டும் தேடியிருக்காங்க, உச்சரிப்ப வெச்சு தேடுற ஆப்ஷன் அதே சைட்ல ஓசியில இருக்கு. பதில் போட தனியா 3,500 வேற. 2018ல இருந்து நான் வித்த பில்லு எல்லாம் தேடி எடுத்து, அஃபிடவிட் போட்டு, அப்புறம் தான் ஏத்துக்கிட்டாங்க. ட்ரேட்மார்க் ஆபீஸோட ஜர்னல்ல வந்து 4 மாசம் யாரும் எதுக்கல, சர்டிபிகேட் வந்துருச்சு, 10 வருஷத்துக்கு.

இதுக்கு நடுவுல பிரஸ்காரத் தம்பி கவர்ல வட்டத்துக்குள்ள ஆர் (பதிவு ஆன பேருங்கிற அடையாளம்) போட்டு 3,000 அடிச்சுட்டான், "ரிச்சா இருக்கும்க்கா"ன்னு. பதிவு ஆகுறதுக்கு முன்னாடி டிஎம் மட்டும் தான் போடலாம், ஆர் போட்டா தப்பு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2024 வரைக்கும் சட்டத்துல இருந்துச்சு, இப்ப அபராதம். நானும் வீட்டுக்காரரும் நாலு நைட்டு உக்காந்து ஒவ்வொரு ஆர் மேலயும் விலை ஸ்டிக்கர் ஒட்டுனோம். இப்ப ஆர் போடலாம், ஸ்டிக்கர உரிச்சா பச்சையும் சேந்து உரிஞ்சுட்டு வருது.

ஊறுகாய்க்கு 29ல போட வேற ஆளப் பாத்துட்டு இருக்கேன், உங்களுக்கு நல்ல வக்கீல் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.