மெசர்ஷ்மிட் 262 மாதிரி: பொருள் அருமை, கையேடு மோசம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் போர்விமானமான மெசர்ஷ்மிட் 262இன் ஒட்டு மாதிரியைக் கண்டியில் 8,900 ரூபாவுக்கு வாங்கினேன். 1:72 அளவு, ஒட்டி முடித்தால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் வரும். வார்ப்பு அவ்வளவு சுத்தம். இயந்திரக் கூடுகள் இறக்கையோடு சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் புட்டி பூச வேண்டியிருந்தது.

மூக்குக்குள் பாரம் வைக்காமல் ஒட்டினால் விமானம் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். பெட்டியில் பாரம் இல்லை. பழைய சைக்கிள் பெயாரிங் குண்டுகளை விமானி அறைக்கு முன்னால் பசையில் பதித்தேன்; நேராக நிற்கிறது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் மூடுபனி இறங்கிய நாளில் மெட் வார்னிஷ் அடிக்க வேண்டாம். ஈரத்துக்கு வெள்ளை பூத்துவிடும்.

எனக்குக் கோபம் கையேட்டின் மேல்தான். ஒலித்தடையை முதலில் உடைத்த, அதாவது ஒலியைவிட வேகமாக முதலில் பறந்த விமானம் இதுதான் என்று முதல் பக்கத்திலேயே அடித்துச் சொல்கிறார்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்துதான் வரலாற்றைப் பொறுக்குகிறார்கள்.

நடந்தது என்ன? ஹான்ஸ் கீடோ முட்கே என்ற ஜெர்மன் விமானி, 1945 ஏப்ரல் 9ஆம் திகதி இன்ஸ்ப்ரூக் பக்கம் செங்குத்தாகப் பாய்ந்தபோது ஒலியை முந்தியதாகப் பின்னாளில் சொன்னார். விமானம் குலுங்கியது, தறையாணிகள் தெறித்தன, வேகமானி முள் மணிக்கு 1,100 கிலோமீற்றரில் போய் நின்றது என்பது அவர் வாக்குமூலம். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நுவரெலியாக் குளிரில், 15 பாகையில், ஒலி மணிக்கு 1,225 கிலோமீற்றர் போகும். 11 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை. அங்கே ஒலிக்கு 1,062தான். அப்படியானால் 1,100 என்றால் முந்திவிட்டார் என்றுதானே தோன்றும்?

சிக்கல் அந்த முள்ளில் இருக்கிறது. வேகமானி காற்றின் அமுக்கத்தை அளந்துதான் வேகத்தைக் காட்டும். ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலைகள் அந்த அமுக்கத்தையே குழப்பிவிடும். குலுக்கலும் ஆணி தெறிப்பதும் தடைக்கு முன்பே வரக்கூடியவை. மெசர்ஷ்மிட் நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளில் மாக் 0.86 (ஒலிவேகத்தின் 86 சதவீதம்) அளவிலேயே மூக்கு கீழே கவிழ்ந்து, விமானியால் நிமிர்த்த முடியாமல் போனது. இறக்கையைப் பின்னோக்கி 18.5 பாகை சாய்த்ததுகூட ஒலியை முந்துவதற்காக அல்ல. இயந்திரம் கனத்துவிட்டதால் ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்யச் செய்த வேலை அது.

ஒலிவேகத்தைத் தாண்டினால் கட்டுப்பாடு திரும்பும் என்று 1946இல் அமெரிக்கர்கள் இந்த விமானத்துக்குத் தயாரித்த விமானிக் கையேட்டில் ஒரு வரி உண்டு. முட்கே பக்கம் பேசுபவர்கள் அதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும், நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் பாய்ச்சலை அளந்த கருவிப்பதிவு ஒன்றுமில்லை. 1947 ஒக்டோபர் 14இல் அமெரிக்க விமானி சக் யீகர் எக்ஸ்-1 என்ற ரொக்கெட் விமானத்தில் மாக் 1.06 தொட்டது கருவிகளில் பதிவானது. கிடையாகப் பறந்து, கீழே பாய்ந்து அல்ல.

மாதிரியைத் தாராளமாக வாங்குங்கள். பிள்ளைக்குக் கொடுப்பதானால் கையேட்டின் முதல் பக்கத்தில் ‘முட்கே சொன்னது, நிரூபிக்கப்படவில்லை’ என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். தயாரிப்பாளருக்கும் இதையே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன்.