மூன்று சீட் வாங்கினேன். கோளாறு உயரத்தில் இருந்தது

என் சைக்கிளுக்கு இப்போது நான்கு வயது. திருவான்மியூரிலிருந்து நாள்தோறும் அலுவலகம், ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று 11,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் உட்காரும் இடத்தில்தான்.

வாங்கிய அன்று கடைக்காரர் என்னைச் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி இறக்கி முறுக்கிக் கொடுத்தார். வாடகை சைக்கிள் ஓட்டிய சிறு வயதிலிருந்தே எனக்கும் அதுதான் சரி என்று பழக்கம். ஒரே மாதத்தில், முட்டுக்காடு பாலம் தாண்டும்போதே முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, கூடவே கீழ்ப்பக்கம் மரமரப்பு. பழியைச் சீட்டின் மேல் போட்டேன். முதலில் ஜெல் வைத்த சீட் வாங்கினேன். பிறகு சோபா போல அகலமான ஒன்று. அது தொடையை உரசியே தோலை உரித்தது. மெத்தென்ற சீட்டின் சுகமெல்லாம் கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் வரைதான். ஓட்டும்போது பிட்டத்தில் பாரம் தாங்கும் இரண்டு எலும்பும் உள்ளே புதையும், நடுப்பகுதி மேலே பொங்கும், அழுந்தக் கூடாத இடத்தில் அழுந்தும்.

கடைசியில்தான் டேப்பை எடுத்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தேன்: 80 செ.மீ. இதை 0.883 ஆல் பெருக்க வேண்டும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு இது. 70.6 வந்தது. கிராங்க் (பெடல் பொருத்திய கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. என் சீட் இருந்ததோ 67இல்.

ஒரேயடியாக ஏற்றவில்லை, வாரத்துக்கு 5 மி.மீ. வீதம் ஏற்றினேன். முட்டிவலி மூன்றாம் வாரமே விட்டது. 70.6ஐ எட்டியபோது இடுப்பு இருபக்கமும் ஆடியது, முழங்காலுக்குப் பின்னால் நரம்பு இழுத்தது. செருப்பின் தடிமனும் கிராங்க் நீளமும் அந்தக் கணக்கில் சேராதவை. 70க்கு இறக்கியதும் சரியாயிற்று. இப்போது சிக்னலில் நிற்க சீட்டை விட்டு முன்னால் இறங்கியாக வேண்டும். முதல் வாரம் இரண்டு முறை விழப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீட் குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், 3 செ.மீ. ஏற்றினால் சீட் ஏறத்தாழ 9 மி.மீ. பின்னாலும் போய்விடும். இது எனக்கு உறைக்கவே பல நாளாயிற்று. எதிர்வீட்டில் வேலை செய்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கினேன். கிராங்கைக் கிடையாக வைத்து, முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து நூலைத் தொங்கவிட்டால் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பார்கள். இது சட்டமில்லை, தொடங்க ஓர் இடம், அவ்வளவுதான். சீட்டை 6 மி.மீ. முன்னால் தள்ளினேன். “சைக்கிளுக்கு எதுக்கு சார் தூக்குக்குண்டு?” என்று சிரித்தவர், அடுத்த நாள் ரசமட்டத்தையும் தானே கொண்டுவந்து நீட்டினார். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மரமரப்புக்குக் காரணம் பாதி அதுதான். அவசரப்பட்டு மூக்கை மிகவும் தாழ்த்தினேன். உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி, சுண்டுவிரல் மரத்தது. மட்டமாக வைத்த பிறகு இரண்டும் போயின.

மூன்றாவது சீட்டை மட்டும் அளந்து வாங்கினேன். பெஞ்சில் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, குனிந்து அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு எலும்பும் குழி பதிக்கும். குழிக்குக் குழி எனக்கு 12 செ.மீ. அதோடு 2 செ.மீ. சேர்த்து, 14 செ.மீ. அகலத்தில் கெட்டியான சீட். மூன்று வாரம் வலித்தது, பிறகு பழகியது.

இன்றும் 60 கிலோமீட்டருக்கு மேல் போனால் இடப்பக்கம் லேசாக மரக்கிறது. கால்மணிக்கு ஒருமுறை பெடல் மேல் எழுந்து நின்றால் தணிகிறது. கடற்காற்றில் சீட் தண்டு குழாயோடு இறுகிவிடாமல் இருக்க, ஆண்டுக்கு இரண்டு முறை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவுகிறேன். தண்டில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும் அக்கா மகன் ஒவ்வொரு முறையும் சீட்டை அடிவரை இறக்கித்தான் ஓட்டுவான். அவன் ஊருக்குப் போனதும் டேப் தெரியும்வரை இழுத்து முறுக்கிக்கொள்கிறேன்.