லேஸ் செடியா, கிரிஸ்பஸா, கொட்டியா: நம் வீட்டு வெப்பத்துக்கு எது ஒத்துவரும்?

அரிய நீர்த்தாவரம் ஒன்றையாவது வீட்டுத் தொட்டியில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது மடகாஸ்கர் தீவின் லேஸ் செடியைத்தான். அப்போனோஜெட்டான் மடகாஸ்காரியென்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இலைச் சதை நீங்கி, நரம்புகள் மட்டும் வலைபோலப் பின்னி நிற்கும் அந்த இலையை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார். ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள் நமக்கு மிக அருகிலேயே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் அப்போனோஜெட்டான் கிரிஸ்பஸ். மற்றொன்று, நம் ஊர்க் குளங்களில் மழைக்குப் பின் தலைகாட்டும் கொட்டி, அதாவது அப்போனோஜெட்டான் நாடன்ஸ். இம்மூன்றையும் சென்னையில் ஒரே வீட்டில் ஆறு ஆண்டுகளாக வளர்த்தும் இழந்தும் பார்த்துவிட்டேன். எது யாருக்கு ஏற்றது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு.

அழகில் லேஸ் செடிக்கு இணை கிடையாது. அந்தத் துளைகள் பூச்சி அரித்தவையும் அல்ல, அழுகலால் வந்தவையும் அல்ல. கிழங்கிலிருந்து முதலில் வரும் சில இலைகள் துளையின்றியே இருக்கும். அவற்றுக்குப் பின் வரும் இலைகள் சுருண்டு, செந்நிறம் தோய்ந்து மேலெழும். அவை விரியும் நாள்களில் ஒரு பூதக்கண்ணாடியைத் தொட்டியோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், நரம்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு சிறு கட்டத்தின் நடுவிலும் அந்தச் சிவப்பு முதலில் மறைவதும், பிறகு பச்சையும் வெளிறி ஒளி ஊடுருவும் ஒரு புள்ளி உருவாவதும், அந்த இடம் கிழிந்து துளையாகி நரம்பை நோக்கி விரிவதும், நரம்பை ஒட்டிய சில அடுக்குச் செல்களை மட்டும் விட்டுவிட்டு அந்த விரிவு நின்றுவிடுவதும் தெளிவாகத் தெரியும். செடி தன் செல்களைத் தானே திட்டமிட்டு இறக்கச் செய்யும் நிகழ்வு இது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் அருணிகா குணவர்தனவின் ஆய்வுக்குழு இந்தச் செல் இறப்பைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. இலை ஏறத்தாழ ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதால், உயிருள்ள செல் சாவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடிகிறது. அதே காட்சியின் ஒரு சிறு பங்கு நம் வீட்டுக் கூடத்திலும் கிடைக்கிறது என்பதற்காகவே இந்தச் செடிக்காக எவ்வளவு பாடுபட்டாலும் தகும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்தப் பாடுகளில் முதலாவது வெப்பம். லேஸ் செடி மடகாஸ்கரின் ஓடைகளில், ஓடும் நீரில் வளர்வது. தொட்டியில் அது நலமாக இருப்பது 20 முதல் 24 டிகிரி வரையிலான நீரில்தான். குளிர்சாதனம் இல்லாத சென்னை வீட்டில் மே மாதத்துத் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடும். நீர் சூடாக ஆகச் செடியின் சுவாசம் கூடுகிறது. இலைகள் ஒளியைக் கொண்டு ஈட்டும் உணவைவிடச் செலவாகும் உணவு மிகுந்துபோகும்போது, பற்றாக்குறையைக் கிழங்கில் சேமித்த மாவுச்சத்திலிருந்து செடி எடுத்துக்கொள்கிறது. வெளியே பார்ப்பவருக்கு இரண்டு மாதம் வரை எந்தக் குறையும் தெரியாது. பிறகு ஒவ்வொரு புதிய இலையும் முந்தையதைவிடச் சிறியதாக வரும். அதைக் கண்டு நாம் விழித்துக்கொள்ளும்போது கிழங்கு பாதி காலியாகியிருக்கும். நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அந்தப் பலன் குறைவு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கினால் சிக்கல் தீரும், ஆனால் அதன் விலை தொட்டியின் விலையை விஞ்சிவிடும்.

இரண்டாவது பாசி. நரம்புகளால் ஆன இலையில் பாசி படிந்தால், அகன்ற இலையைத் துடைப்பதுபோல் விரலால் துடைத்துவிட முடியாது. துடைத்தால் நரம்பு அறுந்துவிடும். என் முதல் செடி போனது இப்படித்தான். வேகமாக வளரட்டும் என்று பேராசைப்பட்டு நாள்தோறும் பத்து மணி நேரம் கடும் ஒளி கொடுத்தேன். மூன்றே வாரத்தில் துளைகள் அனைத்தையும் கரும்பாசி அடைத்துக்கொண்டது. வலையாக இருந்த இலை பழைய பஞ்சுபோல் ஆனது. மிதமான ஒளி, இலைமேல் தூசு தங்காதபடி மெல்லிய நீரோட்டம், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம் ஆகிய மூன்றும் இதற்குக் கட்டாயம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை அப்படியே ஊற்றாமல், ஆர்.ஓ. நீரோ மழைநீரோ சரிபாதி கலந்து ஊற்றினால் நல்லது.

கிரிஸ்பஸுக்கு இவற்றில் எதுவும் பெரிய தொல்லை இல்லை. அது நம் வெப்பத்திலேயே பிறந்த செடி. 28 டிகிரியில் தழைக்கிறது, 30 டிகிரியையும் தாங்குகிறது. அரை மீட்டர் வரை நீளும் அதன் இலையின் ஓரங்கள், கொசுவம் வைத்த சேலையின் கரைபோல மடிந்து மடிந்து, நீரோட்டத்தில் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். வலையிலையின் வியப்பு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 60 செ.மீ. தொட்டியின் பின்புறத்தில் நன்கு வளர்ந்த ஒரே கிரிஸ்பஸ் நின்றால், வேறு செடி எதுவும் தேவைப்படாது. நீர்மட்டத்துக்கு மேல் அது நீட்டும் ஒற்றைப் பூங்கதிரை மென்மையான தூரிகையால் இரண்டு மூன்று நாள் தடவிவிட்டால் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும். உதிரும் விதைகள் சிறிது நேரம் மிதந்து, பிறகு மூழ்கி வேர்விடும். மீன்கள் தின்றுவிடாமல் இருக்க, அவற்றைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது என் வழக்கம். வீட்டிலேயே அடுத்த தலைமுறையை உண்டாக்கும் இந்த இன்பத்தை லேஸ் செடி எனக்கு ஒருமுறைகூடத் தந்ததில்லை.

ஓய்வுக் காலத்தில்தான் மூன்றின் குணமும் தெளிவாக வெளிப்படுகிறது. லேஸ் செடிக்கு ஓய்வு கட்டாயமா என்பதில் வளர்ப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. குளிர்ந்த நீரும் போதிய உரமும் மாறாமல் கிடைத்தால் ஓய்வின்றியே ஆண்டுக்கணக்கில் வளரும் என்பவர்கள் இருக்கிறார்கள். நம் சூழலில் அது சாத்தியமில்லை என்பதால், இலைகள் சிறுத்தவுடன் கிழங்கைச் சட்டியோடு எடுத்து, 18 டிகிரிக்கு அருகிலான நீரில் இரண்டு மூன்று மாதம் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். இதற்காகவே அதை மண்ணில் நேரடியாக நடாமல், களிமண்ணும் மணலும் உர வில்லையும் இட்ட சிறு சட்டியில், கிழங்கின் முளைப்பகுதி வெளியே தெரியும்படி நடவேண்டும். கிரிஸ்பஸ் ஓய்வெடுக்கும்போது ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இலைகளை உதிர்த்துவிட்டு இருந்த இடத்திலேயே உறங்கி, ஓரிரு மாதத்தில் தானே துளிர்க்கும். அழுகிவிட்டதோ என்று பயந்து கிழங்கைத் தூக்கி எறிபவர்கள் பலர். அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

கொட்டியின் ஓய்வோ தமிழுக்குப் பழக்கமானது. குளம் வற்றியதும் பறவைகள் நீங்கிவிட, நீங்காமல் அங்கேயே கிடக்கும் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் உறவுக்கு உவமையாக்கிய பழம்பாடல் உண்மையில் பேசுவது, சேற்றுக்கடியில் கிழங்கு உறங்கும் இந்த இயல்பைத்தான். மடகாஸ்கரின் மலகாசி மொழியில் லேஸ் செடியின் பெயருக்கும் 'நீர்க்கிழங்கு' என்றே பொருள்; அங்கும் அதன் கிழங்கை உண்டிருக்கிறார்கள், இங்கும் கொட்டிக்கிழங்கை அவித்துத் தின்றிருக்கிறார்கள்.

ஆனால் கொட்டியைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது வீண். அதன் இலைகள் மேலே மிதப்பவை. பக்கவாட்டில் பார்ப்பவருக்குக் காம்புகள் மட்டுமே தெரியும், கீழுள்ள செடிகளுக்கு ஒளியும் போய்விடும். அதற்குரிய இடம் மொட்டை மாடி. இரண்டடி அகலமுள்ள சிமெண்ட் தொட்டியில் அரை அடிக்கு வயல் மண், அதன்மேல் மெல்லிய மணல், ஒரு அடி நீர், நாளில் நான்கைந்து மணி நேர வெயில், கொசுப்புழுவைத் தின்ன நான்கு கப்பி மீன்கள் ஆகியவை போதும். கோடையில் மீன்களை மாற்றிவிட்டுத் தொட்டியைக் காயவிடலாம். ஐப்பசி மழையில் நிரம்பியதும் கொட்டி மறுபடி எழும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ஏரியின் கரையோரம் முழுக்க இது கிடந்தது. சென்ற ஆண்டு ஒரே ஒரு கிழங்குக்காக மூன்று ஏரிகளைச் சுற்றி வந்தேன். அரிய செடி என்ற சொல்லுக்குக் கடல் கடந்துதான் பொருள் தேட வேண்டும் என்று இப்போது நான் நினைப்பதில்லை.

ஆகவே கொடைக்கானல், உதகை போன்ற குளிர்ந்த ஊரில் இருப்பவரும், சில்லர் வாங்கும் வசதியுள்ளவரும் லேஸ் செடியைத் தயங்காமல் வளர்க்கலாம். சமவெளியில் இருக்கும் மற்ற எவருக்கும் தொட்டிக்குக் கிரிஸ்பஸ், மாடிக்குக் கொட்டி என்பதே என் பரிந்துரை. கிரிஸ்பஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பல, கொட்டியோடு கலந்த கலப்பினங்கள். நட்ட சில வாரங்களில் மிதக்கும் இலைகளை அடுத்தடுத்து விடத் தொடங்கினால் அது கலப்பினம் என்று கொள்ளலாம். அதை வீசி எறியத் தேவையில்லை. மிதக்கும் இலைகளை அடியோடு நறுக்கிவந்தால் நீருக்குள்ளும் நன்றாகவே வளரும். ஆனால் தொட்டியில் மிஞ்சிய எந்தச் செடியையும், அது நம்முடையதாகவே இருந்தாலும், ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம். கலப்பினம் ஒன்று அங்கே விதை பரப்பிவிட்டால், மிஞ்சியிருக்கும் அசல் கொட்டியைப் பிரித்தறிய யாராலும் முடியாது.