அமெரிக்க எம்எஸ், ஜெர்மன் மாஸ்டர்ஸ்: எந்த விண்ணப்பத்தில் உங்கள் பலம் எடுபடும்?

பி.இ. மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் வகுப்பில் பேச்சு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் 'யுஎஸ் எம்எஸ்', இன்னொரு பக்கம் 'ஜெர்மனி'. செலவு எவ்வளவு, விசா கிடைக்குமா, படித்து முடித்தால் வேலை உண்டா என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். விண்ணப்பத்தை யாரும் ஒப்பிடுவதில்லை. ஒரே எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் கட்டுரை), ஒரே ரெஸ்யூமே. நாட்டின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மாற்றி இரண்டு பக்கமும் அனுப்பிவிடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்துதரும் கன்சல்டன்சிகள் சிலவும் இதையேதான் செய்கின்றன.

ஆனால் அந்தக் கோப்பைத் திறப்பவர் தேடுவது இரண்டு இடத்திலும் வேறு. அமெரிக்காவில் 'இவர் யார், இதுவரை என்ன செய்திருக்கிறார்' என்று படிக்கிறார்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலில் 'இவர் படித்த பாடம் நம் பாடத்தோடு பொருந்துகிறதா, மதிப்பெண் எல்லைக்குள் இருக்கிறதா' என்று சரிபார்க்கிறார்கள். ஒரு இடத்தில் வலுவான விண்ணப்பம் இன்னொரு இடத்தில் சுமாராகிவிடுவது இதனால்தான்.

மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சியின் விளிம்பு. நம் சிஜிபிஏவை (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) அதற்கு மாற்ற 'திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்புக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஒருவருடைய சிஜிபிஏ 7.4 என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்றால் விடை 2.56. அதே 7.4-க்கு, குறைந்தபட்சம் 4 என்று இருந்தால் 2.3. 6 என்று இருந்தால் 2.95. பல மாஸ்டர்ஸ் பிரிவுகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. ஆக, டிரான்ஸ்கிரிப்ட்டின் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் அடங்கிய சான்று) பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் கிரேடு அட்டவணைதான் உள்ளே, வெளியே என்று முடிவுசெய்கிறது. ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அது இல்லாவிட்டால் குறைந்தபட்ச மதிப்பை அவர்களாக எடுத்துக்கொள்வார்கள். அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தச் சூத்திரத்துக்குக் காது கிடையாது. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று அரியர் விழுந்தது, பிறகு ஒவ்வொரு செமஸ்டரிலும் 9-க்கு மேல் வாங்கினேன் என்றால், அமெரிக்காவில் அது கேட்கப்படும். டிரான்ஸ்கிரிப்ட்டை செமஸ்டர் செமஸ்டராகப் பார்க்கிறவர்கள் ஏறுமுகத்தைக் கவனிப்பார்கள். எஸ்ஓபியில் இரண்டே வரியில், அழுது புலம்பாமல், காரணத்தைச் சொல்லலாம். ஜெர்மனியில் கடைசியாக நிற்கும் சராசரிதான் கணக்கு. சில அமெரிக்கப் பல்கலைகளும் 4-க்கு 3.0 என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன, அதையும் மறக்க வேண்டாம். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

அடுத்தது பாடத்திட்டம். என் பார்வையில் இரண்டு நாட்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான். நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: மெக்கானிக்கல் படித்தவர், கேம்பஸில் ஐடி கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடம் ஜாவா எழுதியவர், இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸில் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறார். ஜெர்மனியில் கணினியியல் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தால், கோட்பாட்டுக் கணினியியலில் இத்தனை கிரெடிட், கணிதத்தில் இத்தனை, அல்காரிதத்தில் இத்தனை என்று ஒரு பட்டியலை முன்னால் வைப்பார்கள். மூன்று வருட வேலை அனுபவம் அந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்தையும் நிரப்பாது. எவ்வளவு அழகான கடிதம் எழுதினாலும் பெரும்பாலும் நிராகரிப்புதான். அதே ஆளுக்கு அமெரிக்காவில் கதவு திறந்திருக்கிறது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலையின் 'அலைன்', பென்சில்வேனியா பல்கலையின் 'எம்சிஐடி' போன்ற படிப்புகள் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்காகவே இருக்கின்றன. வேறு பல இடங்களில் விடுபட்ட அடிப்படைப் பாடங்களை முதல் செமஸ்டரில் படித்துக்கொள் என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு.

மறுபக்கமும் பார்ப்போம். மெக்கானிக்கல் படித்து மெக்கானிக்கலிலேயே தொடர நினைப்பவர், 8.5 சிஜிபிஏ, ஆனால் ஆய்வுக் கட்டுரை இல்லை, இன்டர்ன்ஷிப் இல்லை, பெயர் தெரியாத கல்லூரி. அமெரிக்காவின் நல்ல பல்கலைகளில் இவர் கூட்டத்தில் ஒருவர். ஜெர்மனியில் இவருடைய கோப்பு நன்றாகவே நிற்கும். அங்கே இவர் உழைக்க வேண்டிய இடம் சிலபஸ். ஒவ்வொரு பாடத்துக்கும் என்னென்ன யூனிட், எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்பதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ சிலபஸிலிருந்து எடுத்து, அவர்கள் கேட்கும் பகுதியோடு பொருத்திக் காட்ட வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் பாடக் கையேடு ஒன்று இணையத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு எக்செல் தயார்செய்ய ஒரு வாரம் ஆகும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அரை மார்க் ஏற்றப் படும் பாட்டைவிட இந்த ஒரு வாரம் அதிகம் பலன் தரும் என்பேன்.

இப்போது எழுத்து வேலை. அமெரிக்க எஸ்ஓபி பொதுவாக இரண்டு பக்கம். நம் பிள்ளைகள் எழுதுவதில் பாதி, 'சிறு வயதிலிருந்தே கம்ப்யூட்டர் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்குகிறது. படிப்பவர் அன்று காலையிலிருந்து அதே வரியைப் பலமுறை பார்த்திருப்பார். மாறாக இப்படி ஒன்று யோசித்துப் பாருங்கள்: இறுதியாண்டு புராஜெக்டில் நெல் இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மாடல் செய்தோம். இணையத்தில் கிடைத்த, வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்களில் அருமையாக வேலை செய்தது. வயலில் செல்போனில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் தடுமாறியது. மண், நிழல், பக்கத்து இலை எல்லாம் சேர்ந்து குழப்புகிறது என்று கண்டுபிடித்தோம். பின்னணியை வெட்டிப் பார்த்தோம், கொஞ்சம் சரியானது, முழுதாக இல்லை. இந்த மிச்சப் பிரச்சினையைத்தான் நான் படிக்க வேண்டும். இதை எழுதியவருக்கு 'ஆர்வம்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. இதற்கு அடுத்த பத்தியில், அந்தப் பிரச்சினையில் வேலை செய்யும் பேராசிரியர் ஒருவரின் பெயர் இயல்பாக வந்து உட்காரும். பேராசிரியர் பெயர்களை இணையத்திலிருந்து அள்ளிக் கடைசிப் பத்தியில் கொட்டுவது வேறு. அது பார்த்த உடனே தெரியும்.

ஜெர்மன் மோட்டிவேஷன் கடிதத்துக்கு இந்தக் கதை முழுதும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம், சில இடங்களில் இரண்டு. இந்தப் படிப்பில் இந்தப் பாடங்கள் இருக்கின்றன, நான் இளநிலையில் படித்த இன்னின்ன பாடங்களின் தொடர்ச்சி அவை, முடித்த பிறகு இந்த வேலைக்கு இது தேவை. இப்படி நேராகப் போகலாம். நெல் இலைக்கு நான்கு வரி போதும். சிவி அட்டவணை வடிவில் இருக்கட்டும். இடைவெளி விட்ட மாதங்கள் இருந்தால் மறைக்க வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

சிபாரிசுக் கடிதம்தான் நம்மவர்களுக்கு அமெரிக்கா வைக்கும் பெரிய சோதனை. வழக்கமாக மூன்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகமே ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு லிங்க் அனுப்பும். அவர் ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி வரும். 1974-ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. விட்டுக்கொடுக்கிறேன் என்று டிக் செய்வதே வழக்கம். மாணவர் பார்க்காத கடிதத்துக்குத்தான் மதிப்பு. நம் கல்லூரிகளில் நடப்பதோ வேறு. ஹெச்ஓடியிடம் போய் நின்றால், 'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்து போட்டுடறேன்' என்பார். மூன்று கடிதமும் ஒரே ஆள் நடையில், ஒரே 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' பாட்டோடு போய்ச் சேரும். வகுப்பில் நன்றாகப் படித்தான் என்று மட்டும் சொல்லும் கடிதம் கெடுதல் செய்யாது, உதவியும் செய்யாது.

இதற்கு வழி, பதவி பெரியவரை விட்டுவிட்டு உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரைப் பிடிப்பது. புராஜெக்ட் கைடாக இருந்த உதவிப் பேராசிரியர், உங்களை ஒரு தடவைகூடத் தனியாகப் பார்த்திராத பிரின்சிபாலைவிட மேல். அக்டோபர் தொடக்கத்திலேயே, 'சார், டிசம்பர் 15-க்குள் தேவைப்படும்' என்று சொல்லி, ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவர் பாடத்தில் எடுத்த கிரேடு, புராஜெக்டில் நீங்கள் செய்த பகுதி எது, எங்கே சிக்கினீர்கள், அவர் சொன்ன எந்த யோசனையால் வெளியே வந்தீர்கள். முழுக் கடிதமாக எழுதாமல் விஷயத்தைக் கையில் கொடுத்தால் பல ஆசிரியர்கள் தாங்களே எழுதிவிடுவார்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி அவருக்கு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஜிமெயில் முகவரியைச் சில பல்கலைகள் சந்தேகத்தோடு பார்க்கும். ஜெர்மனியில் பல படிப்புகளுக்கு இந்தக் கடிதமே கேட்பதில்லை. ஆசிரியர்களோடு ஒட்டாமல் நான்கு வருடம் ஓட்டியவர்களுக்கு இது ஒரு நிம்மதி.

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ பற்றி நீட்ட வேண்டாம். 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் பல துறைகள் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வும் சுருங்கி, 1 மணி 58 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உங்கள் கல்லூரியை அங்கே யாருக்கும் தெரியாது என்றால், கேட்காவிட்டாலும் எழுதி நல்ல கணித ஸ்கோரைக் காட்டுவது நல்லது. ஐஐடி, என்ஐடி மாணவர்கள் அந்த நேரத்தைப் புராஜெக்டில் போடலாம். ஜெர்மனியிலும் சில படிப்புகள் ஜிஆர்இ கேட்கின்றன, பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

(இங்கேயே இருக்கிறேன், கேட் எழுதி எம்.டெக் போகிறேன் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி தேவையில்லை. அந்த ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், எஸ்ஓபி எழுதும் தலைவலி பெரும்பாலும் இல்லை.)

செலவு. அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்கு 75-இலிருந்து 125 டாலர் வரை போகும். எட்டு இடத்துக்கு அனுப்பினால் விண்ணப்பக் கட்டணமே அறுநூறு டாலரைத் தாண்டிவிடும். ஜெர்மனிக்கு, பல பல்கலைகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகிறவை முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து படிப்புக்கு 195 யூரோ. சில பல்கலைகள் நேரடியாகவே வாங்கிக்கொள்கின்றன. ஆனால் 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். உங்கள் மார்க் ஷீட், பட்டம் எல்லாம் அசல்தானா என்று பார்க்கும் சரிபார்ப்பு அது. கடைசி நேரத்தில் ஓடினால் சிக்கிக்கொள்வீர்கள். அப்புறம் 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பதை அப்படியே நம்பிக் கடிதம் எழுத உட்காராதீர்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் அத்தகைய மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு செமஸ்டருக்குப் பெரும்பாலும் 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது.

இரண்டுக்கும் போட நினைத்தால் காலண்டர் ஒத்துழைக்கிறது. அமெரிக்காவின் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டருக்கு ஆஹன் போன்ற இடங்களில் மார்ச் 1, வேறு இடங்களில் மே 31, ஜூலை 15 என்று நீள்கிறது. ஆங்கிலத் தேர்வை ஆகஸ்டில் முடித்து, டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் செப்டம்பரிலேயே போட்டுவிட்டால், எஸ்ஓபி வேலை முடிந்த ஜனவரியில் சிலபஸ் எக்செலுக்கு உட்காரலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாடும் ஒன்று: பெயர். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், ஐஇஎல்டிஎஸ்ஸில் வேறு மாதிரி. இனிஷியல் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று ஆவணமும் மூன்று ஆளுடையது போலத் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாத் தேர்விலும் விண்ணப்பத்திலும் போடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பு முதலில் அதை எடுங்கள்.