யாரையும் தெரியாமல் விஷ்ணுபுரம் விழாவுக்குப் போகலாமா?

போகலாம். தனியாகப் போவதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். கோவையில் டிசம்பர் மாதம் ஒரு சனி, ஞாயிறு நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "நல்லா இருக்குமாமே, ஆனா அங்க எனக்கு யாரையும் தெரியாதே" என்று இழுக்கிறவர்கள் என் பழக்கத்தில் நிறையப் பேர். இந்த விமர்சனம் அவர்களுக்காக. யாருக்கு விருது கொடுத்தது சரி, யாருக்குக் கொடுக்காதது தப்பு என்பதற்குள் நான் போகப் போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வருடா வருடம் சளைக்காமல் சண்டையும் போடுகிறார்கள். எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடுகிற ஓர் இடத்துக்கு முதல் தடவை போகிற ஒருவருக்கு அங்கே பேச மனிதர்கள் கிடைப்பார்களா என்பது மட்டும்தான் என் கணக்கு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவல் வந்தது 1997-இல். அந்தப் பெயரில் அவருடைய வாசக நண்பர்கள் சேர்ந்து அமைத்த இலக்கிய வட்டம் 2010 முதல் இந்த விருதைக் கொடுத்து வருகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்து உட்கார்ந்துகொண்டு அந்தத் தெருவையே கதைகளாக எழுதியவர். அடுத்து பூமணி. இந்த இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது வந்தது அதற்கு அப்புறம்தான், பூமணிக்கு 2014, மாதவனுக்கு 2015. இப்படி, பெரிய அமைப்புகள் திரும்பிப் பார்க்காத மூத்தவர்களைத் தேடிக் கொடுப்பது என்று தொடங்கி, இலங்கையின் தெளிவத்தை ஜோசப், மலேசியாவின் சீ. முத்துசாமி, ராஜ் கௌதமன், கவிஞர் அபி என்று பட்டியல் போகிறது. விருது ஞாயிறு மாலைதான். அதற்கு முந்தைய ஒன்றரை நாள் முழுக்க எழுத்தாளர்களோடு வாசகர்கள் உட்கார்ந்து பேசும் அமர்வுகள். புதிதாகப் போகிறவருக்கு உண்மையான விழா அந்த ஒன்றரை நாள்தான்.

இடம் ஆர்.எஸ்.புரம் ராஜஸ்தானி சங்க மண்டபம். நுழைவுக் கட்டணம் இல்லை. முன்கூட்டிப் பதிவு செய்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தங்க ஏற்பாடு செய்கிறார்கள், சாப்பாடும் அங்கேயே. இதெல்லாம் இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே மண்டபம், ஒரே மேடை, ஒரே பந்தி, ஒரே இடத்தில் தூக்கம் என்று ஆகிவிடுகிறது பாருங்கள், அதுதான் விஷயம். பக்கத்து நாற்காலிக்காரரும் நீங்களும் காலையிலிருந்து ஒரே பேச்சைத்தான் கேட்டிருப்பீர்கள். டீ குடிக்க வெளியே வந்ததும் "அவர் சிறுகதையைப் பத்திச் சொன்னது உங்களுக்குச் சரின்னு படுதா?" என்று யாரோ ஒருவர் கேட்பார், அவ்வளவுதான், அறிமுகம் முடிந்தது. பெயர் என்ன என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் வரும்.

ஜெய்ப்பூர் இலக்கிய விழாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். 2006-இல் சிறிதாகத் தொடங்கி, பல வருடம் திக்கி அரண்மனையில் நடந்து, 2022 முதல் கிளார்க்ஸ் ஆமேர் ஹோட்டலுக்கு மாறியிருக்கும் விழா அது. உலகத்தின் பெரிய பெயர்களைப் பார்க்கலாம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல மேடைகள். நீங்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் நிற்பவர் இன்னொன்றைப் பார்த்திருப்பார், இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச வெயிலும் கூட்டமும்தான் மிச்சம். கோழிக்கோடு கடற்கரையில் 2016-இலிருந்து நடக்கும் கேரள இலக்கிய விழாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மக்கள் திரள், கடல் காற்று, மேடைக்கு மேடை ஓட்டம். பார்க்க அருமையாக இருக்கும், ஒரு நாளாவது போக வேண்டும். ஆனால் அங்கே நீங்கள் பார்வையாளர். பேசுகிறவர் மேடையிலிருந்து இறங்கி எந்த வழியாகப் போனார் என்றுகூடத் தெரியாது.

பெரிய விழா என்றில்லை, சின்னக் கூட்டமும் ஆளைத் தனிமைப்படுத்தும். வேறோர் ஊரில் ஒரு கருத்தரங்கம், பெயர் வேண்டாம். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. கட்டுரை வாசிக்கத் தொடங்கும்போதே மதியமாகிவிட்டது. வாசித்தவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு காரேறிவிட்டார்கள். கேள்வி கேட்க நேரமில்லை என்று நான்கு முறை மைக்கில் சொன்னார்கள், அதைச் சொன்ன நேரத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தும் நான் பேசிய ஒரே ஆள், கழிப்பறை எங்கே என்று என்னிடம் வழி கேட்டவர்.

விஷ்ணுபுரம் அமர்வில் உரையே கிடையாது என்பது இதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எழுத்தாளர் உட்கார்ந்திருப்பார், ஒருங்கிணைக்க ஒருவர், மற்றபடி எதிரே இருப்பவர்கள் கேட்கக் கேட்கப் பதில். கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் படித்துவிட்டு வந்தவர்கள். "உங்களுக்கு எழுதணும்னு எப்போ தோணுச்சு" வகைக் கேள்வியும் அவ்வப்போது வரத்தான் செய்யும், எழுத்தாளரும் பாவம் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் ஒரு குறிப்பிட்ட கதையில், ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டால், அரங்கே திரும்பி அந்த ஆளைப் பார்க்கும். அமர்வு முடிந்ததும் அவரைத் தேடி நாலு பேர் வருவார்கள்: "நீங்கதானே அந்தக் கேள்வி கேட்டது?" கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தெரியாத முகங்களிடம் நீங்களாகப் போய்ப் பேச வேண்டியதில்லை, ஒரே ஒரு நல்ல கேள்வி போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதற்கு விலை உண்டு. படித்துவிட்டுப் போக வேண்டும். விருது பெறுபவர் யார், அமர்வுகளில் யார் யார் என்பதெல்லாம் முன்பே அறிவிக்கப்படுகிறது, விருதாளரைப் பற்றிய கட்டுரைகளும் தொடர்ந்து வெளியாகின்றன. அவருடைய ஒரு நாவல், கொஞ்சம் சிறுகதைகள் அல்லது ஒரு கவிதைத் தொகுதி, அப்புறம் மற்ற விருந்தினர்களில் ஆளுக்கு ஒரு கதையாவது. இதைச் செய்யாமல் போனால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் டீ இடைவேளையில் நடக்கும் பேச்சில் நீங்கள் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு வேலை நாள் மாலையில் முடிகிற காரியம் இல்லை இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முழுக்க போனைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு நேரம் தனியாகச் சொல்ல வேண்டியது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாரையும் தெரியாத கல்யாணத்துக்குப் போன மாதிரி தட்டை ஏந்திக்கொண்டு எங்கே நிற்பது என்ற தவிப்பு முதல் வேளையில் எல்லோருக்கும் இருக்கும். "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்று தன்னார்வலர் யாராவது கேட்டுக்கொண்டே போவார், கோவைக்காரர்கள் இந்த விஷயத்தில் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் இல்லை. எதிரே நிற்பவர் "எந்த ஊருங்க?" என்பார். அடுத்த கேள்வி, இதை நான் கவனித்து ரசித்த விஷயம், என்ன வேலை என்பது இல்லை. "என்ன படிச்சிட்டிருக்கீங்க?" வங்கி ஊழியர், மென்பொருள்காரர், அரசுப் பள்ளி ஆசிரியை, மருத்துவர், கடை நடத்துபவர் என்று எல்லா வகையினரும் இருக்கிறார்கள், ஆனால் அந்தத் தகவல் கடைசியில்தான், சில சமயம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரியவரும். வீட்டிலும் அலுவலகத்திலும் "இதையெல்லாம் எதுக்குப் படிக்கிற" என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒரு கேள்விக்காகவே கோவைக்கு டிக்கெட் போடலாம்.

எழுத்தாளர்களை அணுகுவது பற்றி. அவர்களும் அதே வரிசையில்தான் தட்டேந்தி நிற்கிறார்கள், பேச முடியும். ஆனால் "சார், நானும் எழுதுவேன்" என்று ஆரம்பித்துப் பையிலிருந்து கட்டுக் காகிதத்தை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எழுத்தாளரின் கண் உடனே கதவைத் தேடும். அவர் எழுதியதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை, முடிந்தால் அதிகம் பேர் பேசாத ஒன்றைச் சொல்லுங்கள். மூத்தவர்கள் பலருக்குத் தங்கள் பழைய கதையை ஓர் இளைஞர் நினைவு வைத்திருக்கிறார் என்பதே போதும், உட்காரச் சொல்லிவிடுவார்கள். செல்ஃபி, கையெழுத்து எல்லாம் அப்புறம் தானாக வரும். ஜெயமோகனிடம் முதல் நாளே தனியாகப் பேசிவிடலாம் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள், அவர் டீ குடிக்கக் கிளம்பினாலே கூட ஒரு ஊர்வலம் போகும். ஊர்வலத்தில் நீங்களும் நடக்கலாம், அதில் தவறில்லை, நடக்கிற நாலு பேரில் ஒருவர் உங்களுக்கு நண்பராவார்.

பொது அறையில் தங்குவதா, தனியாக லாட்ஜ் எடுப்பதா? பொது அறைக்கே என் ஓட்டு. குறட்டைக்குப் பயப்படுகிறவர்கள் காதுப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மைக் பிடிக்கக் கூசியவர்கள் இரவில் பாயை விரித்துவிட்டு மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு மேடையில் நடப்பதைவிட வெளிப்படையாக இருக்கிறது, பகல் அமர்வில் எல்லோரும் கைதட்டிய ஒரு கருத்தை இரவில் யாராவது பிரித்து மேய்வார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பல வருடமாக வருகிறவர்கள் தங்களுக்குள் ஒரு குடும்பம் போல ஆகிவிட்டார்கள். அவர்களுக்குள் புழங்கும் செல்லப் பெயர்கள், பழைய பயணக் கதைகள், ஊட்டியில் கூடிய இலக்கிய முகாமில் யார் என்ன சொன்னார் என்கிற நினைவுகள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புதியவருக்குப் பிடிபடாது. வேண்டுமென்று ஒதுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை, எந்தப் பழைய நட்புக் கூட்டத்திலும் உள்ளதுதான். ஆனால் முதல் நாள் மதியம் அப்படி ஒரு வட்டத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் ஊருக்குப் போய்விடலாமா என்று இருக்கும். அங்கேயே நிற்காதீர்கள். உங்களைப் போலவே தனியாக வந்தவர்கள் புத்தகக் கடைப் பக்கம் இருப்பார்கள். கையில் எடுத்த புத்தகத்தை வைக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் நிற்பவரிடம் "இது எப்படிங்க இருக்கும்?" என்றால் போதும். இன்னொன்று, அங்கே பொதுவான ஒரு ரசனை, பொதுவான சில சொற்கள் இருக்கின்றன. அதற்கு வெளியே படித்து வளர்ந்தவருக்குக் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். மறுத்துப் பேசலாம், ஆனால் காரணத்தோடு பேச வேண்டும்.

பதிப்பாளரைப் பிடிக்க வேண்டும், மொழிபெயர்ப்பு உரிமை விற்க வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் இது அதற்கான இடம் இல்லை. அதற்கு 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இருக்கிறது, அங்கே மேசை போட்டு உட்கார்ந்து உரிமைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்கள், 1988-இல் ஜெர்மனியில் தொடங்கி நகரம் நகரமாக மாறி நடந்துவரும் இலக்கியச் சந்திப்பை விசாரித்துப் பார்க்கலாம், அதன் குணம் வேறு, அரசியல் சூடு அதிகம்.

விழாவில் கிடைத்த பழக்கம் வாட்ஸப்பில் இரண்டு வாரம் "வணக்கம்" போட்டுக் கரைந்துபோவதும் உண்டு. கரையாமல் இருக்க, எண் வாங்குவதோடு நிறுத்தாமல் அவர்கள் ஊரில் நடக்கும் சின்ன வாசகர் கூட்டங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் சொல்முகம், புதுச்சேரியில் ஜெயமோகனின் மகாபாரத நாவல் வரிசையான 'வெண்முரசு' பெயரில் வெண்முரசுக் கூடுகை என்று இருக்கின்றன. பத்துப் பதினைந்து பேர் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசும் கூட்டங்கள். என்னைப் பொறுத்தவரை விழாவின் பலன் அங்கேதான் தெரியும்.

போக வர: சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சேரன் எக்ஸ்பிரஸ் வசதி, இரவு ஏறினால் காலையில் கோவை. ஸ்டேஷனிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். நேரம் இருந்தால் ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்தை எட்டிப் பாருங்கள், அங்கும் விழாவுக்கு வந்த முகங்கள் தென்படும். டிசம்பர் காலையில் நன்றாகவே குளிரும், ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு மட்டும் ஞாயிறு மாலை வண்டியில் டிக்கெட் போட வேண்டாம். விருது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் எல்லோரும் பதற்றமில்லாமல் நின்று பேசுகிறார்கள், திங்கட்கிழமைக்கு ஒரு லீவு சொல்லிவிடுங்கள்.